குர்குமின் காப்ஸ்யூல்: மிளகு சேர்த்ததா, லெசித்தின் சேர்த்ததா? உடம்பில் எது சேரும்?

சரவணன்_கோவை

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயசு. ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சிருக்குன்னு எக்ஸ்ரே பார்த்துட்டுச் சொல்லிட்டாங்க. வலி மாத்திரை போட்டா வயிறு எரியுதுன்னு விட்டு விட்டுத்தான் போடறாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் குர்குமின் காப்ஸ்யூல் நல்லா கேக்குதுன்னு சொன்னார். கடையில கேட்டா மூணு டப்பாவை எடுத்து வெச்சாங்க.

ஒண்ணுல "மஞ்சள் தூள் 500 மி.கி."ன்னு மட்டும் போட்டிருக்கு. விலை குறைவு. அடுத்ததுல "95% குர்குமினாய்டு 500 மி.கி., பைப்பரின் 5 மி.கி." அது மிளகுல இருந்து எடுக்கறதாம். மூணாவது லெசித்தின்ங்கற கொழுப்புப் பொருள் கலந்ததாம், "29 மடங்கு அதிகம் உறிஞ்சப்படும்"னு பெரிய எழுத்துல அட்டையிலேயே இருக்கு. விலையும் அதுக்கேத்த மாதிரி. எது உண்மையிலேயே உடம்புல சேரும்? இல்ல, ராத்திரி பால்ல மஞ்சளும் மிளகும் போட்டுக் குடிச்சாலே போதுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மாறன்_மருந்தாளுநர்

மதுரையில மருந்துக்கடை வெச்சிருக்கேன். முதல்ல லேபிள் கணக்கைப் பார்த்துடுவோம். பாதிக் குழப்பம் அங்கதான்.

மஞ்சள் தூள் வேற, அதுல இருக்கற மஞ்சள் நிறப் பொருளான குர்குமின் வேற. நல்ல மஞ்சள் தூள்ல குர்குமின் சுமாரா 3 சதவீதம். அப்ப உங்க முதல் டப்பாவுல இருக்கற 500 மி.கி. காப்ஸ்யூல்ல குர்குமின் வெறும் 15 மி.கி. தான். அரை கிராம் மஞ்சள் தூளைக் காப்ஸ்யூல்ல அடைச்சு விக்கறாங்க, அவ்வளவுதான். சமையலறை டப்பாவுல இருக்கறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் கிடையாது.

ரெண்டாவது, சாறு பிரிச்சு எடுத்தது. 500 மி.கி.ல 95 சதவீதம்னா 475 மி.கி. குர்குமினாய்டு, அதாவது குர்குமினும் அதோட உறவுப் பொருள்களும். மஞ்சள் தூளா அந்த அளவு வேணும்னா கிட்டத்தட்ட 16 கிராம் சாப்பிடணும், அதாவது குவிச்ச டீஸ்பூன்ல நாலஞ்சு. நாலு பேர் வீட்டுச் சாம்பாருக்குக் கால் டீஸ்பூன் போடறோம். இதை மனசுல வெச்சுக்கோங்க. "நம்ம முன்னோர் காலம் காலமா சாப்பிட்டது, ஒண்ணும் செய்யாது"ங்கற பேச்சு மஞ்சளுக்குப் பொருந்தும். இந்த காப்ஸ்யூலுக்குப் பொருந்தாது. அந்த அளவை எந்த முன்னோரும் தினமும் சாப்பிட்டதில்லை.

மூணாவது டப்பாவைப் பத்தி நிலா மேடம் வந்து சொன்னாத்தான் சரியா இருக்கும்.

அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

---

சரவணன்_கோவை

பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க சார். மத்தது என்னன்னு பார்த்துட்டுச் சொல்றேன், அம்மா ஊர்ல இருக்காங்க.

---

மஞ்சக்காடு_பவானி

நானுங்க மஞ்சள் வெவசாயி. மாறன் சொன்ன 3 சதவீதம் பொதுக்கணக்குக்குச் சரிதானுங்க. ஆனா ரகத்துக்கு ரகம் மாறும். எங்க பக்கம் போடற ஈரோட்டு நாட்டு மஞ்சள் ஏறக்குறைய அந்த அளவுதான். கோழிக்கோட்டு நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையத்துப் பிரதிபா ரகம் 6 சதவீதம் வரைக்கும் போகும். மேகாலயாவுல லக்கடாங்னு ஒண்ணு இருக்குது, அது 7 தொடும்னு சொல்றாங்க. கறிக்கு வாங்கற யாவாரி நிறத்தையும் விரலியோட நீளத்தையும் பாப்பாரு. சாறு எடுக்கற கம்பெனிக்கு வாங்கறவரு குர்குமின் எத்தனைன்னு ஆய்வகச் சீட்டு கேப்பாரு. 3 சதவீத மஞ்சள்ல இருந்து ஒரு கிலோ 95 சதவீதச் சாறு எடுக்கோணும்னா, ஒரு துளி வீணாகாம எடுத்தாலும் 30 கிலோவுக்கு மேல மஞ்சள் வேணுமுங்க. அதனால ரொம்ப மலிவா "95 சதவீதம்"னு போட்டு வித்தா நான் சந்தேகப்படுவேன்.

இன்னொண்ணு. கஸ்தூரி மஞ்சளைக் குர்குமினுக்குன்னு வாங்கிச் சாப்பிடாதீங்க. அது வேற செடி, மேலுக்குப் பூசறது.

---

நிலா_உயிர்வேதி

கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். சரவணன், உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குர்குமின் தண்ணீரில் கரையாது. இதுதான் முதல் தடை. கரையாத பொருள் குடல் சுவரைக் கடப்பது கடினம், பெரும்பகுதி மலத்தோடு வெளியே போய்விடும். இரண்டாவது தடை, அது நிலையற்ற மூலக்கூறு. வயிற்றின் அமிலத்தில் ஓரளவு தாங்கும். ஆனால் ரத்தத்தின் காரத்தன்மைக்கு நிகரான, புரதம் எதுவும் இல்லாத கரைசலில் போட்டால் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மூன்றாவது தடைதான் மிகப் பெரியது. சுவரைக் கடந்து உள்ளே போன கொஞ்சத்தையும் குடல் செல்களும் கல்லீரலும் விடுவதில்லை. குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ அதன்மேல் ஒட்டி, சிறுநீருக்கும் பித்தத்துக்கும் அனுப்பிவிடுகின்றன. அந்நியப் பொருளை வெளியேற்றுவது அவற்றின் வேலை, அதைச் சரியாகவே செய்கின்றன.

எவ்வளவு கறாராகச் செய்கின்றன என்பதற்கு 2006-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே வேளையில் 500 மி.கி. முதல் 12 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 8 கிராம் வரை கொடுத்தும் யாருடைய ரத்தத்திலும் குர்குமின் தென்படவில்லை. 10 கிராமும் 12 கிராமும் சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

இப்போது மிளகு. பைப்பரின் என்பது மிளகின் காரப்பொருள். குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதியை அது தடுக்கிறது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த சிறிய ஆய்வு இது. 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 0.006 மைக்ரோகிராம். அதோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது 0.18. மொத்த உறிஞ்சல் 2000 சதவீதம் கூடியது என்று எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க எந்த டப்பாவிலும் நீங்கள் பார்க்கும் "2000%" இந்த ஓர் ஆய்விலிருந்து வந்ததுதான்.

அந்த எண் பொய் இல்லை. ஆனால் எதிலிருந்து எதற்கு என்று பாருங்கள். கருவியால் அளக்கவே தடுமாறும் அளவிலிருந்து, அளக்க முடிகிற அளவுக்கு வந்திருக்கிறது. 0.18 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய அரை மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு). அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான், பிறகு இறங்கிவிடுகிறது. ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லைக் கொன்றது, அழற்சியைத் தணித்தது என்று செய்தி வருகிறதே, அங்கெல்லாம் 10, 20 மைக்ரோமோலார் ஊற்றுகிறார்கள். மிளகு சேர்த்த பிறகும் இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது.

உங்கள் டப்பாவில் பைப்பரின் 5 மி.கி. தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆய்வில் கொடுத்தது 20.

---

கணேஷ்_டல்லாஸ்

மேடம், அதெல்லாம் பழைய தொழில்நுட்பம். இப்போ மைசெல் வடிவத்துல, அதாவது தண்ணியில கலக்கற நுண்துளியா வருது, 185 மடங்கு. 2014-லயே ஜெர்மனியில நிரூபிச்சிட்டாங்க. லெசித்தின் வெச்ச மெரிவா 29 மடங்கு. கேரளாவுல ஆலுவாக்காரங்களோட பிசிஎம் 95, மஞ்சளோட சொந்த எண்ணெயையே திரும்பச் சேர்த்து ஏழு மடங்கு. ஜப்பான்ல தெராகுர்மின் இருக்கு, பொடியை ரொம்ப நுண்ணியதாக்கிப் பண்றாங்க. நான் மைசெல் வடிவம்தான் எடுத்துக்கறேன். மூட்டு நல்லா இருக்கு, காலையில ஓடறேன். இவ்ளோ முன்னேறின பிறகும் மிளகைப் பத்திப் பேசிட்டு இருக்கறது நேர விரயம். சரவணன், காசு பார்க்காம நல்லதா வாங்குங்க.

---

நிலா_உயிர்வேதி

கணேஷ், நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் வெளியான ஆய்வுகளில் இருப்பவைதான். அவற்றை அருகருகே வைத்து ஒப்பிடலாமா என்பதுதான் என் கேள்வி. ஒப்பிடக்கூடாது என்று காரணத்தோடு சொல்கிறேன். நிறைய பேர் இந்த எண்ணை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள்.

ரத்தத்தில் குர்குமினை அளக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, எதுவும் ஒட்டாமல் தனியாகச் சுற்றும் குர்குமினை மட்டும் அளப்பது. இன்னொன்று, ரத்த மாதிரியில் ஒரு நொதியை ஊற்றி, ஒட்டியிருக்கும் குளுக்குரோனிக் அமிலத்தை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு கிடைப்பதை மொத்தமாக அளப்பது. 29 மடங்கும் 185 மடங்கும் இந்த இரண்டாவது முறையில் வந்தவை. அதாவது உடல் ஏற்கெனவே முத்திரை குத்தி வெளியேற்றத் தயாராக வைத்திருந்ததையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். ஒட்டிய குர்குமின் தனிக் குர்குமின் அளவுக்கு வேலை செய்வதாகத் தெரியவில்லை. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: எலிகளின் எலும்பு மஜ்ஜையில் அந்த ஒட்டு மறுபடி வெட்டப்பட்டு குர்குமின் விடுபடுவதைக் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களிலும் அப்படி நடந்தால் மொத்த அளவுக்கும் அர்த்தம் உண்டு. அதனால் அந்த எண்களை நான் குப்பையில் போடச் சொல்லவில்லை.

அடுத்தது, எதோடு ஒப்பிட்டது? எல்லோரும் சாதாரணக் குர்குமின் பொடியோடு ஒப்பிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட பூஜ்யம். கீழே இருக்கும் எண் அவ்வளவு சிறியதாக இருந்தால், அதில் வரும் சின்னப் பிழைகூட விகிதத்தைப் பல மடங்கு ஊதிக் காட்டிவிடும். ஓர் ஆய்வில் வெறும் வயிற்றில், இன்னொன்றில் உணவோடு. டோஸும் வேறு, எத்தனை மணி நேரம் ரத்தம் எடுத்தார்கள் என்பதும் வேறு. 185 என்பது 29-ஐ விட ஆறு மடங்கு நல்லது என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக, ரத்தத்தில் ஏறுவதால் நோய் குறைகிறதா? 2017-இல் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் குர்குமின் ஆய்வுகளை முழுதாக அலசி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. பல சோதனைகளில் குர்குமின் சோதனை முறையையே ஏமாற்றுகிறது, நிறத்தாலும் கண்டதோடு ஒட்டும் குணத்தாலும் வேலை செய்வதுபோல் காட்டுகிறது என்று எழுதினார்கள். எனக்கு அந்தக் கட்டுரையின் கடுமை முழுக்க உடன்பாடில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையைப் படித்த பிறகு "மடங்கு" கணக்கை வைத்து ஒருவருக்கு மருந்து பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

---

மருத்துவர்_கயல்விழி

சித்த மருத்துவர். நிலா அவர்கள் விளக்கியதை எங்கள் மருத்துவம் வேறொரு வழியில் வந்து தொட்டிருக்கிறது. மருந்தை எதில் கலந்து கொடுப்பது என்பதற்கு அனுபானம் என்று பெயர். ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனில், இன்னொருவருக்கு நெய்யில், மற்றொருவருக்குப் பாலில் கொடுப்போம். மஞ்சளைப் பாலிலோ நெய்யிலோ கொடுப்பது வழக்கம். கொழுப்பில் கரையும் பொருள் என்று வேதியியல் இன்று சொல்வதோடு அது ஒத்துப்போகிறது. தாளிக்கும்போது எண்ணெயில் மஞ்சள் போடுகிறோமே, அதுவும் இதே வழிதான்.

திரிகடுகு என்ற சுக்கு, மிளகு, திப்பிலி கூட்டு எத்தனையோ மருந்துகளில் சேர்வதும் சும்மா இல்லை. மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் இருக்கிறது. ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தில் சி.கே. அட்டல் என்பவர் 1979-இல் இதைத்தான் முதலில் எடுத்துப் பேசினார்: திரிகடுகு மற்ற மருந்துகள் உடலில் சேர்வதைக் கூட்டுகிறது என்று. பெங்களூரு ஆய்வுக்கெல்லாம் முன்னோடி அது.

சரவணன், பாலில் மஞ்சளும் மிளகும் போட்டால் போதுமா என்று கேட்டீர்கள். சளி, தொண்டைக் கரகரப்புக்கு நான் தாராளமாகச் சொல்வேன். முழங்கால் தேய்மானத்துக்கு அது மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். அதில் குர்குமின் மிகக் கொஞ்சம். குக்கரில் வேகவைத்தால் இன்னும் குறையும். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவுத் தொழில்நுட்ப நிலைய ஆய்வில் சமைக்கும் வெப்பத்தில் 27 முதல் 53 சதவீதம் வரை இழப்பு, பிரஷர் குக்கரில்தான் அதிகம் என்று கண்டார்கள். ஆகவே பால் கொதித்து இறக்கும் நேரத்தில் மஞ்சளைச் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும்.

---

மாறன்_மருந்தாளுநர்

மருத்துவர் அம்மா அட்டல் பேரைச் சொன்னதும் ஒண்ணு சேர்த்துச் சொல்லணும்னு தோணுச்சு. அதே ஜம்மு ஆய்வுக்கூடத்து வழியாத்தான் காசநோய்க்கு ஒரு கூட்டு மாத்திரை வந்துச்சு. ரிஃபாம்பிசின் வழக்கமா 450 மி.கி. கொடுக்கற இடத்துல, 10 மி.கி. பைப்பரின் சேர்த்து 200 மி.கி. போதும்னு கொண்டுவந்தாங்க. நம்ம நாட்டு விஞ்ஞானிகள் செஞ்ச பெரிய வேலை அது.

ஆனா அதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. 10 மி.கி. பைப்பரின் ஒரு மருந்தோட தேவையைப் பாதிக்கும் கீழ இறக்குதுன்னா, அது குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்து வெச்சுட்டு மத்த மருந்துக்கெல்லாம் மூடியா வெச்சிருக்கும்? வலிப்புக்குக் கொடுக்கற பினைட்டாயின், நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுக்கற புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கற தியோஃபிலின், எல்லாமே பைப்பரினோட ரத்தத்துல கூடுதுன்னு மனிதர்கள்ல பார்த்திருக்காங்க. பினைட்டாயின்லாம் கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டம், மயக்கம் வர்ற மருந்து.

ரசத்துல போடற மிளகுக்குப் பயப்பட வேண்டாம். சாப்பாட்டுல கலந்து போறது வேற. தினமும் மாத்திரையோட மாத்திரையா பிரிச்செடுத்த பைப்பரின் சாப்பிடறதைத்தான் சொல்றேன். அதனாலதான் சரவணன், முதல்லயே மத்த மாத்திரை என்னன்னு கேட்டேன்.

---

அனிதா_திருச்சி

எனக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறேன். குர்குமின் சேர்த்து எடுக்கலாமா?

---

மாறன்_மருந்தாளுநர்

வேண்டாம்மா. குர்குமின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். அதிக டோஸ் குர்குமினால இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை வந்த நோயாளியைப் பத்தி மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. ரத்தம் தேறட்டும் முதல்ல. பித்தப்பையில கல் இருக்கறவங்களும், அடிக்கடி சிறுநீரகக் கல் வர்றவங்களும்கூட இந்த காப்ஸ்யூல் பக்கம் போகாம இருக்கறது நல்லது. குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். மஞ்சள் தூள்ல ஆக்சலேட்டும் அதிகம்.

---

தர்ஷினி_லண்டன்

நான் லண்டனில ஒரு கல்லீரல் வார்டில தாதியா வேலை செய்யிறன். ஊர் யாழ்ப்பாணம். இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான், இதைச் சொல்லாமல் போக ஏலாது.

மஞ்சள் காப்ஸ்யூலால கல்லீரல் வீங்கி வாற ஆக்கள் இருக்கினம். முந்தி ஒருத்தரும் இதை நம்பேல்லை. 2019-இல இத்தாலியில அடுத்தடுத்து ஆக்களுக்கு மஞ்சள் காமாலை வந்து, எல்லாரும் மஞ்சள் சப்ளிமெண்ட் எடுத்தவை எண்டு தெரிஞ்ச பிறகுதான் அரசாங்கம் விழிச்சது. அமெரிக்காவில மருந்தால வாற கல்லீரல் பாதிப்பைப் பதியிற வலையமைப்பு ஒண்டு இருக்கு. 2022-இல அவை பத்துப் பேரின்ர விவரத்தை வெளியிட்டவை. அஞ்சு பேரை ஆஸ்பத்திரியில வைச்சுப் பார்க்க வேண்டி வந்தது, ஒருத்தர் இறந்துபோனார். அவை பாவிச்ச ஏழு மாதிரியளைச் சோதிச்சதில மூண்டில பைப்பரின் இருந்தது. பத்தில ஏழு பேருக்கு எச்.எல்.ஏ. பி 35:01 எண்ட மரபணு வகை இருந்தது. ஆருக்கு அது இருக்கு எண்டு சாதாரணமா ஒருத்தருக்கும் தெரியாது. 2023-இல அவுஸ்திரேலியாவின்ர மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் எச்சரிக்கை விட்டது.

பிரான்சின்ர உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2022-இல சொன்னதுதான் இந்த இழைக்கு முக்கியம். 60 கிலோ நிறையுள்ள ஆளுக்கு சப்ளிமெண்டால போற குர்குமின் ஒரு நாளைக்கு 153 மி.கி.க்கு மேல போகக்கூடாது எண்டு அவை கணக்குப் போட்டவை. அதுவும் சாதாரணக் குர்குமினுக்கு. கூடுதலா உறிஞ்சப்படுற புது வடிவங்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது, அதுகளின்ர பாதுகாப்புத் தெரியாது எண்டும் சொன்னவை.

மஞ்சள் சமைச்சுச் சாப்பிடுங்கோ, அதில பிரச்சினை இல்லை. காப்ஸ்யூல் எடுக்கிற ஆருக்காவது சாப்பாட்டில மனமில்லாமை, கடும் களைப்பு, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில போறது, கண் மஞ்சளாகிறது, மேல் கடி (அரிப்பு), இதில ஒண்டு வந்தாலும் உடனே நிப்பாட்டிப்போட்டு ரத்தம் சோதியுங்கோ. டாக்டர் "என்ன மருந்து எடுக்கிறீங்கள்" எண்டு கேட்டால் இதையும் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் மஞ்சளை மருந்தெண்டு நினைக்கிறேல்லை, அதால சொல்லுறேல்லை. அங்கதான் நாள்கள் வீணாப் போகுது.

---

கணேஷ்_டல்லாஸ்

மரியாதையோட கேக்கறேன். கோடிக்கணக்கான பேர் சாப்பிடறாங்க, பத்து கேஸ். பாராசிட்டமால் இதை விட எத்தனை பேர் கல்லீரலைக் கெடுக்குது? இதுக்காக எல்லாரையும் பயமுறுத்தணுமா?

---

நிலா_உயிர்வேதி

கேட்க வேண்டிய கேள்விதான், கணேஷ். எண்ணிக்கை அரிது என்பதில் சந்தேகம் இல்லை. பதிவாகாதவை எத்தனை என்று தெரியாது என்றாலும் அரிதுதான்.

ஆனால் பாராசிட்டமாலை நாம் மருந்து என்று தெரிந்து சாப்பிடுகிறோம். எத்தனை மாத்திரை வரை போகலாம் என்று அட்டையில் இருக்கிறது, மருத்துவரிடமும் சொல்கிறோம். குர்குமினை மட்டும் 185 மடங்கு உள்ளே ஏற்ற வேண்டும், ஆனால் அது உணவாகவே கருதப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மஞ்சள் இத்தனை நூற்றாண்டாகத் தீங்கு செய்யாமல் இருந்ததற்கு ஒரு காரணம், அதில் இருக்கும் குர்குமின் ரத்தத்தில் ஏறாமல் இருந்தது. அந்தத் தடையை எடுத்துவிட்டால் பழைய அனுபவத்தைச் சான்றாகக் காட்ட முடியாது. உறிஞ்சலைக் கூட்டும் அளவுக்கு அது மருந்தாகிறது. மருந்துக்குரிய கேள்விகளை எல்லாம் அதனிடம் கேட்க வேண்டும்.

நீங்கள் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள், வேறு மாத்திரை இல்லை என்றால் உங்கள் முடிவு உங்களுடையது. வருடம் ஒருமுறை ரத்தம் கொடுக்கும்போது கல்லீரல் நொதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறுபது தாண்டி, கைப்பிடி மாத்திரையோடு இருப்பவருக்கு அதையே சொல்லக்கூடாது.

---

கணேஷ்_டல்லாஸ்

அந்தக் கோணம் சரிதான். அடுத்த மாசம் பரிசோதனை இருக்கு, கல்லீரலையும் சேர்த்துக்கறேன்.

---

சரவணன்_கோவை

அம்மாகிட்ட பேசி மாத்திரை அட்டையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பிரஷருக்கு ஆம்லோடிபின். அப்புறம் அசிட்ரோம்னு ஒண்ணு. எட்டு வருஷம் முன்னாடி இதய வால்வு மாத்தினாங்க, அதுல இருந்து போடறாங்களாம். மாசாமாசம் ஐ.என்.ஆர்.னு ரத்தம் உறையற சோதனை பார்க்கறாங்க. இது பத்தி நான் முன்னாடியே எழுதியிருக்கணுமா?

---

மாறன்_மருந்தாளுநர்

சரவணன், கவனமா படிங்க.

குர்குமின் எந்த வடிவத்துலயும் வேண்டாம். மூணு டப்பாவும் வேண்டாம். அசிட்ரோம் ரத்தம் உறையாம வெச்சிருக்கற மருந்து, வார்ஃபரின் வகை. வால்வு போட்டவங்களுக்கு ஐ.என்.ஆர். குறிப்பிட்ட எல்லைக்குள்ள நிக்கணும். குறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி, கூடினா ரத்தக்கசிவு. 2018-ல நியூசிலாந்து மருந்துப் பாதுகாப்பு அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டுச்சு. வார்ஃபரின்ல நிலையா இருந்த ஒரு நோயாளி மஞ்சள் சப்ளிமெண்ட் ஆரம்பிச்ச சில வாரத்துல ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டிப் போயிடுச்சு. 10-ன்னா எந்த நேரமும் மூளையிலயோ வயித்துலயோ கசியலாம்.

அதை விட அவசரமானது இன்னொண்ணு. முதல் பதிவுல "வலி மாத்திரை போட்டா வயிறு எரியுது"ன்னு எழுதியிருந்தீங்க. அசிட்ரோமோட டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசெக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை போட்டா இரைப்பையில ரத்தம் கசியற ஆபத்து அதிகம். வயிறு எரிச்சலை லேசா எடுத்துக்காதீங்க. மலம் தார் மாதிரி கறுப்பா போகுதா, பல் ஈறுல ரத்தம் வருதா, உடம்புல காரணமில்லாம கன்னிப்போன தழும்பு இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க. இருந்தா இன்னிக்கே ஆஸ்பத்திரி. இல்லன்னாலும் அந்த வலி மாத்திரையை நிறுத்திட்டு, இந்த வாரத்துக்குள்ள இதய மருத்துவரைப் பார்த்து ஐ.என்.ஆர். எடுங்க. அசிட்ரோமை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

சாம்பார், ரசம், பொரியல்ல போடற மஞ்சளை மாத்த வேண்டாம். எப்பவும் சாப்பிடற அளவுல சாப்பிடட்டும். மஞ்சள் பாலைப் புதுசா தினமும் ஆரம்பிக்க வேண்டாம்.

---

சரவணன்_கோவை

கறுப்பா எதுவும் போகலையாம், ஈறுல ரத்தமும் இல்ல. கையில ஒரு இடத்துல கன்னிப்போயிருக்கு, இடிச்சுக்கிட்டதா அம்மா சொல்றாங்க. நாளைக்குக் காலையில ஐ.என்.ஆர். எடுக்கச் சொல்லிட்டேன், நானும் கிளம்பறேன். சார், ரொம்ப நன்றி. அப்ப வலிக்கு என்னதான் பண்றது?

---

நிலா_உயிர்வேதி

வலி மருந்து எது என்று இதய மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து சொல்லட்டும். பெரும்பாலும் பாராசிட்டமாலில் தொடங்குவார்கள். அதையும் தொடர்ந்து அதிகம் எடுத்தால் ஐ.என்.ஆர். ஏறலாம் என்பதால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே தடவும் மருந்தையும் கேட்டுவிட்டே வாங்குங்கள். பிசியோதெரபிஸ்டிடம் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிச் சில நொடி பிடிப்பதுபோல் எளிமையானவை. முழங்கால் தேய்மானத்துக்கு அந்தப் பயிற்சிக்கு இருக்கும் சான்று குர்குமினுக்கு இருப்பதை விட வலுவானது.

இழையைப் படிக்கும், ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுக்காத மற்றவர்களுக்காக ஒன்று. முழங்காலுக்குக் குர்குமின் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2014-இல் தாய்லாந்தில் 367 பேரை வைத்து நான்கு வாரம் செய்த சோதனையில், ஒரு நாளைக்கு 1500 மி.கி. மஞ்சள் சாறு, 1200 மி.கி. ஐபுபுரூஃபெனுக்கு ஏறக்குறைய இணையாக வலியைக் குறைத்தது. வயிற்றுக் கோளாறு மஞ்சள் எடுத்தவர்களுக்குக் குறைவு. மிளகு சேர்த்த மாத்திரை இல்லை அது. ரத்தத்தில் ஏறாததாகச் சொல்லப்படும் பொருள் எப்படி வேலை செய்தது என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை. குடலில் இருந்தபடியே எதையாவது மாற்றுகிறதா என்று தேடுகிறார்கள்.

---

இளங்கோ_நெல்லை

இதைப் படிச்சதும் கேக்கத் தோணுது. என் தம்பிக்குப் பெருங்குடல் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதுக்கு மெசலமின்னு குடல் அழற்சி மாத்திரை சாப்பிடறான். குர்குமின் சேர்த்துக்கலாம்னு அவன் டாக்டரே சொல்லியிருக்கார், ஆனா எதுன்னு சொல்லல. நல்லா உறிஞ்சப்படற வகையா பார்த்து வாங்கணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

---

நிலா_உயிர்வேதி

இளங்கோ, உங்கள் தம்பிக்கு அது நேர் எதிராக இருக்க வேண்டும். புண் இருப்பது பெருங்குடலின் உள்சுவரில். குர்குமின் ரத்தத்துக்குப் போகாமல், குடல் வழியாகவே கடைசி வரை பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்தால்தான் பயன். மேல்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிட்டால் புண்ணுக்கு மிஞ்சுவது குறையும்.

2015-இல் வெளிவந்த ஒரு சோதனையில் மெசலமினோடு ஒரு நாளைக்கு 3 கிராம் சாதாரணக் குர்குமின் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் தணிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் தணியவில்லை. சிறிய சோதனை, லேசானதும் நடுத்தரமானதுமான நோய் உள்ளவர்களை மட்டும் வைத்துச் செய்தது. ஆனாலும் முடிவு தெளிவானது. அஜீரணத்துக்கும் இதே கதைதான். 2023-இல் தாய்லாந்தில் குர்குமினையும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம் தந்தன. இரைப்பைக்கு வேலை செய்ய ரத்தம் வழியாகச் சுற்றி வரத் தேவையில்லை.

3 கிராம் என்பது தர்ஷினி சொன்ன 153 மி.கி.க்கு எங்கோ மேலே இருக்கிறது. அதனால் தம்பி இதைத் தானாக ஆரம்பிக்கக்கூடாது. எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். அசத்தியோபிரின் (நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து) மாதிரி வேறு மாத்திரை எடுக்கிறாரா என்று அவருக்கு நினைவுபடுத்துங்கள். ஆரம்பிக்கும் முன்பும், சில வாரம் கழித்தும் கல்லீரல் சோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வாங்கும்போது லேபிளில் பைப்பரின், பயோபெரின் (பைப்பரினின் வணிகப் பெயர்), மிளகுச் சாறு, லெசித்தின், மைசெல் இதில் எது இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

---

இளங்கோ_நெல்லை

போன வாரம் வாங்கினதுல பயோபெரின் இருக்கு. இன்னும் பிரிக்கல. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம், டப்பாவையும் கையோட கொண்டு போறேன்.

---

தர்ஷினி_லண்டன்

கொண்டுபோங்கோ தம்பி. அவர் சாப்பிடுற மற்ற மாத்திரை அட்டையளையும் ஒரே பையில போட்டுக் கொண்டுபோங்கோ.